காரைக்குடி அண்ணனின் ரோட்ஸ்டரும் 36,000 மைல் வாரண்டியும்

ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, காபி குடிச்சாச்சா? ஒரு வண்டி பாக்கப் போறேன், கூட வா." சொந்த அண்ணன் இல்லை. ஆபீஸில் எனக்குப் பத்து வருஷம் சீனியர், காரைக்குடிக்காரர், கலிஃபோர்னியாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதிக் காலத்துக்கு மேல் ஒரே டொயோட்டா கேம்ரியை ஓட்டிக்கொண்டு, ஆயிலைக்கூட வீட்டு வாசலில் அட்டையை விரித்துப் படுத்துத் தானே மாற்றிக்கொண்டிருந்த மனிதர். அவர் பார்க்கப் போகிறது 2010ஆம் வருஷத்து டெஸ்லா ரோட்ஸ்டர் என்று சொன்னபோது காபி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

"பொண்ணு கல்யாணம் முடிஞ்சிடுச்சு, வீட்டுக் கடன் முடிஞ்சிடுச்சு, இன்னும் என்ன?" என்றார். 2009இல் யாரோ ஒருவர் அந்த வண்டியை எங்கள் பழைய ஆபீஸ் பார்க்கிங்கில் கொண்டுவந்து நிறுத்தினாராம், அன்றிலிருந்து மனசில் கிடக்கிறதாம். என்னை ஏன் கூப்பிட்டார் என்றால், வாரண்டி காகிதத்தை வரி வரியாகப் படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது ஒரு சோகக் கதை, அப்புறம் சொல்கிறேன்.

ரோட்ஸ்டரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். டெஸ்லா செய்த முதல் கார் அதுதான். இங்கிலாந்தில் ஹெத்தல் என்கிற ஊரில் லோட்டஸ் தொழிற்சாலையில் உடல் தயாராகி, அமெரிக்காவுக்கான வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் பேட்டரியும் மோட்டாரும் ஏற்றினார்கள். 2008இல் விற்பனை தொடங்கியது, 2012இல் முடிந்தது, உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 2,450 வண்டிகள்தான். விலை லட்சம் டாலரைத் தாண்டியது. 4 வினாடிக்குள் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடும். 2018இல் ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார்களே, அதே வண்டிதான். அது எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிற ஓர் இணையதளத்தில், புதுசில் கொடுத்த 36,000 மைல் வாரண்டியை அந்தக் கார் இத்தனை ஆயிரம் முறை தாண்டிவிட்டது என்று ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். ரோட்ஸ்டர்காரர்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் வயிற்றையும் பிசையும்.

விற்பவர் வீடு மலைச்சரிவில் இருந்தது. ஓய்வுபெற்றவர், நிதானமான ஆள், கராஜ் எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சுத்தம். அண்ணன் வண்டியைச் சுற்றி மூன்று முறை வந்தார், பிள்ளையாரைச் சுற்றுகிற மாதிரி. அப்புறம் உள்ளே ஏறப் போனார். அந்த வண்டியில் ஏறுவது ஒரு வித்தை. கதவுக்குக் கீழே விளிம்பு அகலமாகவும் உயரமாகவும் இருக்கும், முதலில் ஒரு காலை விட்டு, பிறகு உட்காரும் பாகத்தைக் கீழே போட்டு, கடைசியில் இன்னொரு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் இரண்டாவது கட்டத்தில் சிக்கிக்கொண்டு, "முட்டியைக் கொஞ்சம் தள்ளு தம்பி" என்றார். பவர் ஸ்டீயரிங் கிடையாது என்பது ஓட்டிப் பார்க்கும்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப இரண்டு தோளும் வேலை செய்தன. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திரும்பி வந்து இறங்கியபோது முகத்தில் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் இருந்தான்.

நான் கேட்டது ஒரே ஒரு எண். "சிஏசி எவ்வளவு?"

ரோட்ஸ்டர் வைத்திருக்கிறவர்கள் வண்டியின் வயசைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். பேட்டரியின் கொள்ளளவை வண்டியே கணக்குப் போட்டு ஆம்பியர்-மணியில் பதிந்துவைக்கும், அந்த எண்தான் சிஏசி, புதுசில் சுமார் 160 இருக்கும். நாங்கள் பார்த்த வண்டியில் 131. அதாவது ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் மேல். பதினைந்து வருஷ பேட்டரிக்கு இது மோசமே இல்லை.

அந்த எண் எதைச் சொல்கிறது என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இருக்கைக்குப் பின்னால் சுமார் 450 கிலோ எடையில் ஒரு பெட்டி. அதற்குள் பழைய லேப்டாப்களில் இருந்த அதே அளவு உருளை செல்கள், மொத்தம் 6,831. 69 செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் ஒரு செங்கல், அவர்கள் பாஷையில் 'பிரிக்'. ஒன்பது செங்கல் சேர்ந்தால் ஒரு தட்டு, பதினோரு தட்டு சேர்ந்தால் பேட்டரி. 99 செங்கலும் வரிசையாகக் கோத்திருப்பதால், அதில் எது சொத்தையோ அதன் அளவுக்குத்தான் மொத்த பேட்டரியும் வேலை செய்யும். பழனி மலைப் படியில் குடும்பத்தோடு ஏறுகிறோம் என்றால் முட்டிவலி உள்ள சித்தப்பா வேகம்தானே எல்லாருக்கும் வேகம்? அப்படி. ஆகவே நல்ல பேட்டரி, கெட்ட பேட்டரி என்று மொத்தமாகப் பேசுவதைவிட 'இருப்பதிலேயே சொத்தைச் செங்கல் எப்படி இருக்கிறது' என்று கேட்பதுதான் சரியான கேள்வி, விற்பவரும் அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து லேப்டாப்பில் எல்லாவற்றையும் இறக்கி வைத்திருந்தார்.

சரி, செலவு.

மின்சாரக் காருக்குப் பராமரிப்புச் செலவே இல்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பாதி உண்மை. ஆயில் இல்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை, சைலன்சர் இல்லை. ரோட்ஸ்டரில் கிளட்ச்கூட இல்லை (முதலில் இரண்டு கியர் வைக்கத்தான் திட்டம் போட்டார்கள், அந்த கியர்பாக்ஸ் தாக்குப்பிடிக்காமல் போகவே ஒரே கியரோடு விட்டார்கள்). மிச்சம் இருப்பது டயர், பிரேக் ஆயில், கூலண்ட், 12 வோல்ட் சமாசாரங்கள். ஆனால் இந்த வண்டியில் ஒரு இடம் உண்டு, பின்னால் டிக்கியைத் திறந்தால் அதற்கு முன்னால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் பவர் எலக்ட்ரானிக்ஸ். 'பெம்' என்பார்கள். பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாற்று மின்சாரமாக மாற்றுவதும், சார்ஜ் செய்வதும் இதன் வேலை. பேட்டரிக்கு நீர்க்குளிர்ச்சி வைத்தவர்கள் இதற்கும் மோட்டாருக்கும் காற்றுக் குளிர்ச்சியோடு நிறுத்திவிட்டார்கள். விசிறி காற்றை உறிஞ்சும், காற்றோடு ரோட்டுத் தூசியும் காய்ந்த இலையும் வரும், உள்ளே போர்வை மாதிரி படியும். வருஷா வருஷம் சர்வீசுக்கு விட்டால் அதைத் திறந்து சுத்தம் பண்ணுவார்கள். பண்ணாமல் விட்டால் வெயிலில் மேடு ஏறும்போது சூடாகி சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அதையும் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் போய்விடும். போனால் பில் ஆயிரங்களில். தூசி தட்டுவதற்கு வருஷத்துக்குச் சில நூறு டாலர் கொடுக்க மனசு வராமல், பெம்முக்கு ஆயிரங்களில் அழுதவர்கள் உண்டு.

அண்ணன் இதைக் கேட்டதும், "இவ்வளவுதானா? நானே கழட்டித் தட்டிடுவேன்" என்றார். கேம்ரிக்கு அடியில் படுத்த ஆள். நான் சொன்னேன், "அண்ணே, உள்ளே 375 வோல்ட். தட்டுனா அது உங்களைத் தட்டிடும்."

இனி பேட்டரி. எல்லாக் கணக்கும் கடைசியில் வந்து முட்டுகிற சுவர் இதுதான்.

புதிதாக விற்றபோது ரோட்ஸ்டருக்குக் கொடுத்த வாரண்டி 3 வருஷம் அல்லது 36,000 மைல், எது முந்துகிறதோ அது. லட்சம் டாலர் வண்டிக்கு, அதுவும் யாருமே பரீட்சித்துப் பார்க்காத ஒரு பேட்டரிக்கு, மூன்றே வருஷம். 2009இல் டெஸ்லா ஒரு திட்டம் கொண்டுவந்தது. புது பேட்டரி அன்றைய கணக்கில் 36,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், ஆனால் இப்போதே 12,000 டாலர் கட்டிவிட்டால் ஏழு வருஷம் கழித்துப் புது பேட்டரி தருகிறோம். சீட்டுப் பிடிக்கிற மாதிரிதான். ஏழு வருஷத்தில் செல் விலை சரிந்துவிடும் என்று கம்பெனி நம்பியது, 12,000 கட்டியவர்கள் கம்பெனியே ஏழு வருஷம் இருக்கும் என்று நம்பினார்கள். 2009இல் இந்த இரண்டாவது நம்பிக்கைக்குத்தான் துணிச்சல் அதிகம் வேண்டியிருந்தது. பொருளாதாரம் கவிழ்ந்து கிடந்த நேரம், ஜெனரல் மோட்டார்ஸே திவால் மனு போட்ட வருஷம் அது.

பேட்டரிகள் பயந்த அளவுக்குக் கெட்டுப்போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. மின்சாரக் கார்களுக்கு ஆதரவான 'பிளக் இன் அமெரிக்கா' அமைப்பு 2013இல் ரோட்ஸ்டர் உரிமையாளர்களிடம் தகவல் சேகரித்து, லட்சம் மைல் ஓடிய பிறகும் 80 முதல் 85 சதவீதக் கொள்ளளவு இருக்கும் என்று கணித்தது. நாங்கள் பார்த்த 131ஐ வைத்துப் பார்த்தால் கணிப்பு பெரிதாகத் தப்பவில்லை.

ஓடி ஓடித் தேய்வதில் பிரச்சினை வரவில்லை. சும்மா நிறுத்தி வைத்ததில்தான் வந்தது. 2012 பிப்ரவரியில் ஒரு செய்தி வெடித்தது: சில ரோட்ஸ்டர்களைச் சார்ஜில் போடாமல் நெடுநாள் நிறுத்தி வைத்ததால் பேட்டரி அடியோடு வடிந்து, திரும்பச் சார்ஜே ஏறாமல், வண்டி வெறும் செங்கல்லாகிவிட்டது. மாற்ற சுமார் 40,000 டாலர். வாரண்டி? கிடையாது, உரிமையாளர் கவனிக்காமல் விட்டதற்கு நாங்கள் பொறுப்பில்லை. டெஸ்லாவின் வாதம் என்னவென்றால், ஆயிலே ஊற்றாமல் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி வாரண்டி தரும், எல்லாக் காருக்கும் உரிமையாளர் செய்ய வேண்டியது என்று ஏதோ கொஞ்சம் இருக்கத்தானே செய்யும் என்பது. புத்தகத்திலும் வண்டியை எப்போதும் பிளக்கில் வையுங்கள் என்று அச்சிட்டுத்தான் இருந்தது.

வாதத்தில் தப்பில்லைதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. பெட்ரோல் வண்டியை நான்கு மாசம் ஷெட்டில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்வந்தால் மிஞ்சிப் போனால் பேட்டரி இறங்கியிருக்கும், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜம்பர் கேபிள் வாங்கிக் கிளப்பிவிடலாம். நூறு வருஷமாக மனுஷனுக்குப் பழகிய நடைமுறை அது. சும்மா நின்றால் செத்துப்போகிற ஒரு இயந்திரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, புத்தகம் படிக்கவில்லையா என்று கேட்பது நியாயமாகப் படவில்லை. கம்பெனிக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வருஷம், 2013 ஏப்ரலில், மாடல் எஸ் காருக்கு வாரண்டியை மாற்றினார்கள். புத்தகத்தைப் படிக்காமல் நீங்களே பேட்டரியைக் கெடுத்துக்கொண்டாலும் மாற்றித் தருவோம். விபத்து, வெளியாள் பிரிப்பது, வேண்டுமென்றே பண்ணும் சேட்டை, இவை மட்டும் சேராது. ஊதுவிளக்கை வைத்து எரித்தால் கிடையாது என்று மஸ்க் கிண்டலாக ஒரு வரியும் எழுதினார். வருஷாந்தர சர்வீஸ் செய்யாவிட்டாலும் வாரண்டி போகாது என்றும் அப்போதே சொன்னார்கள், அதுவரை 600 டாலர் சர்வீஸைக் கட்டாயம்போல வைத்திருந்ததில் எல்லாருக்கும் கடுப்பு. ஒரு ஊர் முழுக்கப் புகார் சொன்ன பிறகு பஞ்சாயத்தில் தீர்ப்பு மாறுகிற மாதிரி, அந்த வாரண்டி மாறியது. ரோட்ஸ்டருக்கு மாறவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம் 70 சதவீத விவகாரம். இப்போது பெரும்பாலான மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு 8 வருஷம், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று போட்டிருப்பார்கள். மின்சார ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷ டைகானுக்கு ஐரோப்பாவில் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதே 70. டெஸ்லா மாடல் எஸ்ஸுக்கு 2020இல் மைல் வரம்பில்லாத வாரண்டியை எடுத்துவிட்டு 8 வருஷம், 1,50,000 மைல் என்று வைத்தபோதுதான் இந்த 70ஐயும் எழுத்தில் சேர்த்தார்கள். இந்த எண்ணுக்கு விதை போட்டது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, சாதுவான நிஸ்ஸான் லீஃப். 2012 கோடையில் அரிசோனா வெயிலில் லீஃப் பேட்டரிகள் வாடி வதங்கின, அதில் ரோட்ஸ்டர் மாதிரி நீர்க்குளிர்ச்சி கிடையாது. சண்டை, வழக்கு எல்லாம் நடந்து, வருஷக் கடைசியில் நிஸ்ஸான் இறங்கிவந்து, டேஷ்போர்டில் பேட்டரிக் கொள்ளளவைக் காட்டும் பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பதுக்குக் கீழே போனால் 5 வருஷம் அல்லது 60,000 மைல் வரை நாங்கள் பொறுப்பு என்றது. ஒன்பது கட்டம் என்பது சுமாராக 70 சதவீதம். ஃபீனிக்ஸில் யாரோ ஆபீஸ் போக லீஃப் வாங்கி ஏமாந்ததன் பலனை இன்று போர்ஷக்காரர் அனுபவிக்கிறார்.

அதே சமயம் 70 என்றால் 71க்கு ஒன்றும் கிடையாது என்றும் அர்த்தம். மாற்றித் தருவதும் புதுப் பேட்டரியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சரிசெய்த பழைய ஒன்றாகவும் இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் பெரும்பாலான புத்தகங்களில் இருக்கும். படியுங்கள்.

டைகானைப் பற்றிச் சொல்ல இன்னும் கொஞ்சம் உண்டு, ஏனென்றால் அண்ணனுக்கு நான் மாற்றாகக் காட்டியது அதைத்தான். "அண்ணே, நாலு வருஷம் பழசு வாங்குங்க, விலை பாதிக்கு வந்துடுச்சு, பேட்டரி வாரண்டி இன்னும் நாலு வருஷம் மிச்சம்." அதன் பெரிய பேட்டரியில் 33 தனித்தனி மாட்யூல், ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம், ரோட்ஸ்டர் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். பிரேக் விஷயம் இன்னும் வேடிக்கை. காலை வைத்து அழுத்தினாலும் பெரும்பாலான நேரம் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் பேட் தேயவே மாட்டேன் என்கிறது. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி போர்ஷ சொல்வது தேய்மானத்துக்காக இல்லை, வயசாகிவிடுகிறது என்பதற்காக. டிஸ்க்கில் துரு பிடித்துவிடக் கூடாது என்று வண்டியே அவ்வப்போது மோட்டார் உதவியை விட்டுவிட்டு நிஜ பிரேக்கைப் போட்டுத் துடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் போர்ஷ வைத்திருந்தவர்கள் பிரேக் பில்லை நினைத்து இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் அதே டைகானில் பேட்டரிக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆக வாய்ப்பு என்று ரீகால் வந்தது, அதாவது கம்பெனியே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. பரிசோதித்து முடிக்கிறவரை 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் போடாதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொன்னார்கள். பழுதுக்கு அவர்கள் காசு வாங்கப்போவதில்லை. ஆனால் முழு வண்டிக்குக் காசு கொடுத்தவர் ஐந்தில் நான்கு பங்கு வண்டியை மாசக்கணக்கில் ஓட்டுகிறார், அந்த மாசங்களுக்கு வாரண்டியில் பதில் எதுவும் இல்லை.

டயரை எந்த வாரண்டியும் தொடாது. மின்சார ஸ்போர்ட்ஸ் காரில் நிஜமான சர்வீஸ் செலவு என்றால் அதுதான். இரண்டு டன்னுக்கு மேல் எடை, மிதித்த கணத்தில் முழு இழுவை, இருபது இருபத்தொரு அங்குலச் சக்கரத்தில் பட்டையாக ஒட்டிய மெல்லிய ரப்பர். ஒழுங்காக ஓட்டினால் 20,000 மைல் வரலாம், சிக்னலுக்குச் சிக்னல் வித்தை காட்டினால் பாதிகூட வராது. ரோட்ஸ்டர் 1,200 கிலோ சொச்சம்தான் என்பதால் இதில் பிழைத்தது, ஆனால் பின் டயர் அதிலும் சீக்கிரம் போகும்.

டிராக்கில் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான வாரண்டிகள் பந்தயம் என்றாலே கதவைச் சாத்திவிடும். ஹூண்டாய் 'அயோனிக் 5 N' என்கிற மின்சாரக் காருக்கு ஆஸ்திரேலியாவில் போட்டியில்லாத டிராக் ஓட்டத்தையும் வாரண்டியில் சேர்த்துக்கொண்டது. தன் வண்டியின் குளிர்ச்சி அமைப்பின்மேல் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை நான் விளம்பரத்தில் பார்க்க மாட்டேன், இந்த மாதிரி வரியில்தான் பார்ப்பேன்.

இப்போது என் சோகக் கதை. மூன்று வருஷம் முன்னால் நான் ஒரு பழைய மின்சாரக் கார் வாங்கினேன். எந்த மாடல் என்பது இங்கே வேண்டாம். பொது வாரண்டி முடியப்போகும் நேரம், நல்ல ஆங்கிலத்தில் ஒருவர் பேசி, மூன்று வருஷத்துக்கு 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று ஒன்றை என் தலையில் கட்டினார். 2,800 டாலர். அமெரிக்காவில் 'உங்கள் கார் வாரண்டி முடியப்போகிறது' என்று ரோபோ போன் வராத ஆளே கிடையாது, 2022இல் தொலைத்தொடர்பு ஆணையமே அந்த அழைப்புகளைத் தடுக்கச் சொல்லி உத்தரவு போட வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு நானே தேடிப் போய் மாட்டினேன். எட்டாவது மாசம் சார்ஜர் பகுதி போனது. கூப்பிட்டேன். அது எலக்ட்ரானிக்ஸ், பட்டியலில் இல்லை என்றார்கள். பேட்டரி சம்பந்தப்பட்டதா என்றால் அது தயாரிப்பாளர் பொறுப்பு, மோட்டார் சம்பந்தப்பட்டதா என்றால் இல்லையே என்றார்கள். பத்திரத்தை அன்றுதான் முழுசாகப் படித்தேன். பிஸ்டன், வால்வு, டர்போ, ஃப்யூயல் பம்ப் எல்லாம் காப்பில் இருந்தன. என் காரில் ஒன்றுகூடக் கிடையாது. பெட்ரோல் காருக்கு அச்சடித்த பட்டியலை அப்படியே எனக்கு விற்றிருக்கிறார்கள். இல்லாத டர்போவுக்கு 2,800 டாலர் கட்டிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். சண்டை போட்டு மீதி மாசங்களுக்கான பணத்தில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கினேன்.

அதில் கற்றது: தயாரிப்பாளர் தருவது வாரண்டி, மற்றவர் விற்பது சர்வீஸ் ஒப்பந்தம். சட்டத்தில் இரண்டும் வேறு. பட்டியலிட்டதை மட்டும் காப்பது ஒரு ரகம், விலக்கியதைத் தவிர எல்லாவற்றையும் காப்பது இன்னொரு ரகம். மின்சாரக் காருக்கு இரண்டாவது ரகம் மட்டுமே வாங்கலாம், அதிலும் சார்ஜர், இன்வெர்ட்டர், ஹீட்டர், திரை இந்த நான்கும் விலக்கில் இல்லை என்று பார்த்துவிட்டு. இன்னொன்று, வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடும் என்று யாராவது மிரட்டினால் பயப்பட வேண்டாம். 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, இலவசமாகச் செய்து தராத சர்வீஸை எங்களிடமே செய்தாக வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட இங்கே முடியாது. ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

இதையெல்லாம் திரும்பி வருகிற வழியில் அண்ணனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். ரோட்ஸ்டருக்கு எந்த வாரண்டியும் மிச்சமில்லை, ஒரு செங்கல் போனாலும் செலவு உங்கள் தலையில்தான். 2015இல் டெஸ்லா 29,000 டாலருக்குப் பெரிய பேட்டரி மாற்றித் தந்தது, இந்த வண்டியில் அதுவும் செய்யவில்லை. இன்று தனியார் பட்டறைகளை நம்ப வேண்டும், ஃபீனிக்ஸில் ஒன்று, சியாட்டிலில் ஒன்று என்று விரல்விட்டு எண்ணலாம், ஒவ்வொரு முறையும் லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். டைகானில் எட்டு வருஷத்தில் பாதி இன்னும் பாக்கி. கணக்குப் போட்டால் ஒரே பதில்தான் வரும்.

"கணக்கு சரிதான்" என்றார். அடுத்த வாரமே ரோட்ஸ்டரை வாங்கிவிட்டார்.

கோபம் வந்தது, ஆனால் அவர் செய்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது. புதுசாகப் பேட்டரி வாங்க எவ்வளவு ஆகுமோ அந்தத் தொகையை வண்டி வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட்டார். "வாரண்டியை நானே எழுதிக்கிட்டேன் தம்பி. இதுல சின்ன எழுத்து கிடையாது." வருஷத்துக்கு ஒருமுறை பெம்மைத் திறந்து சுத்தம் பண்ண ஒரு ஆளைப் பிடித்துவைத்திருக்கிறார், பக்கத்தில் நின்று டார்ச் அடிப்பதோடு தன் கையைக் கட்டிப்போட்டுக்கொள்கிறார்.

டிசம்பரில் மூன்று மாசம் காரைக்குடிக்குப் போனார்கள். கராஜ் சாவியை என்னிடம் கொடுத்து, "பிளக்கை மட்டும் எடுக்காமப் பாத்துக்க. வாரம் ஒரு தடவை போய் எட்டிப் பாரு" என்று ஐந்து தடவை சொன்னார். அண்ணி ஒரு தடவை, மெதுவாக, "கறிவேப்பிலைச் செடியைப் பனியில விட்டுடாதப்பா, ராத்திரி உள்ளே எடுத்து வச்சிடு" என்றார்.

நான்காவது வாரம் புயல் மழை. எங்கள் பக்கம் இரண்டு நாள் கரண்ட் இல்லை. வந்ததும் முதல் வேலையாக அவர் வீட்டுக்கு ஓடினேன். சார்ஜ் பெட்டிக்குப் போகிற பிரேக்கர் விழுந்து கிடந்தது, வண்டிப் பக்கம் விளக்கே இல்லை. பிரேக்கரை ஏற்றினேன், எங்கோ உள்ளே ஒரு பம்ப் முனகியது, சார்ஜ் வாயைச் சுற்றி மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அந்தக் குளிர் கராஜில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் போய்ப் பச்சை வருகிறவரை நகரவில்லை. பச்சையைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். காரைக்குடியில் அப்போது விடிகாலை நான்கு மணி இருக்கும், உடனே பதில் வந்தது, கும்பிடு போடுகிற பொம்மை மூன்று.

அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி, அண்ணியுடையது. "செடி எப்படிப்பா இருக்கு?"

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். தொட்டி தண்ணீரில் மிதந்தது, இலை எல்லாம் கறுத்துக் கொட்டியிருந்தது.